முகப்பில் எதைக் குறைப்பது: அலங்காரத்தையா, வழிகளையா?

வெப்சைட்டைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எடுத்தால் டிசைனர் பெரும்பாலும் ஒரே மாதிரியான படத்தைத்தான் கொண்டுவருவார். மேலே சின்னதாக லோகோ, நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி, சுற்றிலும் வெள்ளை, மூலையில் தொட்டால் மெனு திறக்கும் மூன்று கோடு. பார்க்க அழகாகவே இருக்கும். பழைய முகப்பில் இருந்த லிங்க் அத்தனையும் அந்த மூன்று கோட்டுக்குள் போயிருக்கும். வெளியிட்ட மறுநாளே மெயில் வரும்: பழையதே நன்றாக இருந்தது, ஏன் மாற்றினீர்கள்?

அந்த மெயிலை என்ன செய்வது என்பதில் குழுவுக்குள் தகராறு ஆரம்பிக்கும். பழகிவிடும், விடுங்கள் என்பார் ஒருவர். உடனே பழையதைக் கொண்டுவாருங்கள் என்பார் இன்னொருவர். இருவருமே சில நேரங்களில் சரி. எப்போது யார் சரி என்று தெரிந்துகொள்ள, பெரிய தளங்கள் இதே வேலையைச் செய்தபோது என்ன ஆனது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எளிமையாக்குகிறோம் என்று சொல்லும்போது இரண்டு தனித்தனி வேலைகளைக் கலந்துவிடுகிறோம். நிறம், படம், பெட்டி, கோடு இவற்றைக் குறைப்பது ஒன்று. வந்தவர் அடுத்த இடத்துக்குப் போகும் வழிகளைக் குறைப்பது இன்னொன்று. முதலாவதற்கு ஜனங்கள் கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள். இரண்டாவதற்குத்தான் கோபம் வரும், அந்தக் கோபம் ஆறுவதும் கஷ்டம்.

"கூகுள் மாதிரி இருக்கட்டும்" என்பது இந்தப் பேச்சில் தவறாமல் வரும் வாதம். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். 1998ல் கூகுள் வந்தபோது யாஹூ போன்ற போர்ட்டல்கள் செய்தி, வானிலை, பங்குச்சந்தை, ராசிபலன் என்று முகப்பை நிரப்பி வைத்திருந்தன. கூகுளில் ஒரு பெட்டி, இரண்டு பொத்தான். அழகியல் கொள்கை எதுவும் இதன் பின்னால் இல்லை. நிறுவனர்களிடம் அப்போது வெப் டிசைனர் யாரும் இல்லை, அவர்களுக்கும் வெப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் பெரிதாக வராது என்று, பல ஆண்டுகள் அந்த முகப்பைக் கவனித்துக்கொண்ட மரிஸா மேயர் சொல்லியிருக்கிறார். ஆரம்பக் காலச் சோதனைகளில் உட்காரவைத்த மாணவர்கள் எதையும் தட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஏன் என்று கேட்டால், மிச்சப் பக்கமும் வரட்டும் என்று காத்திருக்கிறோம் என்றார்களாம். அடியில் காப்புரிமை வரியைப் போட்டதே பக்கம் இவ்வளவுதான் என்று தெரிவிப்பதற்காக. வெறுமையும் பழக வேண்டிய ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த வெறுமையை அவர்கள் கட்டிக் காத்தார்கள். 2008 ஜூலையில் தனியுரிமைக் கொள்கைக்கான லிங்க்கை முகப்பில் சேர்க்க வேண்டி வந்தது. பக்கத்தில் மொத்தம் 28 சொற்கள். அந்த எண்ணிக்கை கூடக் கூடாது. காப்புரிமை வரியிலிருந்து நிறுவனத்தின் சொந்தப் பெயரையே எடுத்துவிட்டுப் புதுச் சொல்லுக்கு இடம் கொடுத்தார்கள்.

ஆனால் இதைக் காட்டி உங்கள் முகப்பைக் காலி செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூகுளுக்கு வருகிறவருக்கு ஒரே வேலை. தட்டுவார், போய்விடுவார். அவருக்கு அங்கே எந்த வழியும் அடைபடவில்லை. உங்களுடையது ஓர் இதழின் தளம் என்று வையுங்கள். அங்கே வருகிறவர் இந்த மாத இதழைத் தேடுகிறாரா, பழைய இதழையா, சந்தா கட்டவா, முகவரி பார்க்கவா என்று உங்களுக்கே தெரியாது. ஒரு பெட்டியையும் ஒரு வரியையும் வைத்து அவரை வரவேற்றால் எங்கே போவார்?

அதே கூகுள் 2010 ஜூன் 10 அன்று நேர்மாறான காரியம் ஒன்றைச் செய்தது. முகப்பின் பின்னணியில் கலைஞர்களின் படைப்புகளைப் பெரிதாகப் போட்டது. ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டியதை ஏறத்தாழ 14 மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். இந்தப் படத்தை எப்படி நீக்குவது என்று மக்கள் கூகுளிலேயே தேட, அந்தத் தேடலே அன்றைய பிரபலத் தேடல்களில் ஏறியது. இது ஒரு நாள் விஷயம் என்று விளக்கும் லிங்க் ஒரு பிழையால் பலருக்குத் தெரியாமல் போய்விட்டது, அதனால் நிரந்தர மாற்றம் என்று நினைத்துவிட்டார்கள் என்பது நிறுவனத்தின் விளக்கம். இத்தனைக்கும் மைக்ரோசாஃப்டின் பிங் அதற்கு ஓராண்டு முன்புதான் முழுத் திரைப் பின்னணிப் படத்தோடு வந்திருந்தது. அங்கே படம்தான் தளத்தின் அடையாளமே. பிங்கில் அழகாக இருந்தது கூகுளில் தொந்தரவானதற்குப் படத்தைக் குறை சொல்ல முடியாது. பழகிய பக்கத்தைச் சொல்லாமல் மாற்றியதுதான் விஷயம். முதல் நாள் வரும் எதிர்ப்பில் கணிசமான பங்கு இந்த வகைதான். எதை மாற்றினாலும் வரும்.

இன்னொரு முனையில் கிரெய்க்ஸ்லிஸ்ட். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1995ல் கிரெய்க் நியூமார்க் மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய இந்த விளம்பரத் தளத்தின் முகப்பில் படம் இல்லை, நிறம் இல்லை. நீல எழுத்தில் லிங்க், லிங்க், மேலும் லிங்க். வீடு, வேலை, பழைய சோஃபா, எல்லாம் ஒரே திரையில். 2009ல் வயர்டு என்ற தொழில்நுட்ப இதழ் சில டிசைனர்களைக் கூப்பிட்டு இதற்குப் புது வடிவம் வரையச் சொன்னது. வரைந்தார்கள், இதழில் அழகழகாக வந்தது. தளம் கண்டுகொள்ளவில்லை. டிசைனர்கள் இதை அசிங்கம் என்பார்கள். என் கணக்கில் இதுவும் ஒரு மினிமலிஸ்ட், அதாவது தேவையானதை மட்டும் வைத்த, முகப்புதான். அலங்காரம் துளியும் கிடையாது, வழிகள் மட்டும் முழுசாக இருக்கின்றன. படங்களுக்கு இடம் கொடுக்காததால் மெதுவான இணைப்பிலும் உடனே திறக்கும் என்பது கூடுதல் லாபம்.

ஆக, அலங்காரம் குறைந்து வழி நிறைந்த முகப்பும் இருக்க முடியும், இரண்டும் குறைந்த முகப்பும் இருக்க முடியும். இந்த வேறுபாட்டைக் குழுக் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிப் பாதி, எப்படி மாற்றுவது என்பது. ஒரே இரவில் மாற்றுவதா, பழையதையும் பக்கத்தில் வைத்திருப்பதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

பழைய கதவைத் திறந்தே வைத்திருப்பதற்கு, பயனர்கள் லிங்க் பகிர்ந்து விவாதிக்கும் ரெடிட் தளம் நல்ல உதாரணம். அதன் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஹஃப்மன் 2018ல் தன் சொந்தத் தளத்தின் பழைய தோற்றத்தையே கிரெய்க்ஸ்லிஸ்ட்டோடு ஒப்பிட்டுக் கிண்டலடித்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் புது வடிவம் பரவலாக வந்தது. வரிசையாக இருந்த தலைப்புகள் அட்டை அட்டையாக மாறின. இடைவெளி கூடியது, ஒரு திரையில் தெரியும் பதிவுகள் குறைந்தன. பழைய பயனர்கள் கொதித்தார்கள். ஆனால் அவர்கள் போவதற்கு ஓர் இடம் இருந்தது. முகவரியின் முன்னால் 'ஓல்ட்' என்று சேர்த்தால் பழைய முகப்பு அப்படியே திறக்கும். புது வடிவத்துக்குள்ளேயும் நெருக்கமாக அடுக்கிக் காட்டும் தோற்றம் ஒன்றைக் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவருக்குப் பழையது இருப்பதே தெரியாது. பழையவருக்குப் புதியது தேவையில்லை. இரண்டு தளங்களைப் பராமரிக்கும் செலவை ஏற்றுக்கொண்டு ஒரு கலகத்தைத் தவிர்த்தார்கள். சின்னக் குழுவால் இந்தச் செலவை எவ்வளவு காலம் தாங்க முடியும் என்பது வேறு கேள்வி, அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் அதிகம் யோசித்தது விக்கிப்பீடியாவைப் பற்றித்தான். 2023 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 'வெக்டர் 2022' என்ற தோற்றத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய பெரிய மாற்றம் 2010ல். திடீரென்று செய்யவில்லை, பிரெஞ்சு உட்படச் சில மொழி விக்கிப்பீடியாக்களில் முன்பே போட்டுப் பார்த்திருந்தார்கள். கட்டுரை வரிகளின் நீளம் குறைக்கப்பட்டது, ஏனென்றால் அகலத் திரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் வரியைப் படிப்பது கஷ்டம். பொருளடக்கம் இடப்பக்கம் வந்து, ஸ்க்ரோல் செய்தாலும் கூடவே நின்றது. இடப்பக்கப் பட்டையை மடித்துவைக்க முடிந்தது.

எதிர்ப்பு பலமாக வந்தது. அதற்குள்ளேயே இரண்டு ரகம் இருந்ததைப் பார்க்கலாம். "இரண்டு பக்கமும் இவ்வளவு வெள்ளை எதற்கு, என் பெரிய மானிட்டர் வீணாகிறது" என்பது ஒரு ரகம். "நான் தினமும் தொடும் லிங்க் எங்கே" என்பது இன்னொரு ரகம். நம்மையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கட்டுரை படிக்கும்போது இடப்பக்கப் பட்டையில் பிற மொழிகளோடு 'தமிழ்' என்று கண்ணில் படும், தொட்டால் தமிழ்க் கட்டுரைக்குப் போகலாம். புது வடிவத்தில் மொழிகள் எல்லாம் மேலே ஒரு பொத்தானுக்குள் போயின. பொத்தான் நல்ல இடத்தில்தான் இருக்கிறது, தேடி வருகிறவருக்கு முன்பைவிட எளிது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தேடாமலே கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஒரு வழி இப்போது தேடினால் மட்டும் கிடைக்கிறது. தமிழில் இதற்கொரு கட்டுரை இருக்கும் என்று தோன்றாதவர் அந்தப் பொத்தானைத் தொடுவாரா என்ன?

கணக்கு வைத்திருந்தவர்கள் விருப்பத்தேர்வில் போய்ப் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ள முடிந்தது. சும்மா படிக்க வருகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. வரியின் அகலத்தைக் கூட்டும் பொத்தான் ஒன்று இருந்தது. அவர்களது தேர்வை அது ஆரம்பத்தில் அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறந்துவிட்டது. புகார்களுக்குப் பிறகு நினைவில் வைத்துக்கொண்டது. 2024ல் எழுத்தளவு, அகலம், இருண்ட நிறம் மூன்றையும் படிக்கிறவரே மாற்றிக்கொள்ளும் மெனுவும் வந்தது. பழையதற்கே திரும்ப வேண்டும் என்று ஆங்கில விக்கிப்பீடியர்களிடையே நீண்ட விவாதம் நடந்தும் ஒருமித்த முடிவு எட்டவில்லை; புதியதே நிலைத்தது. என் பார்வையில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை எதிர்ப்பை ஓரளவு சரியாகவே படித்தது. திரும்பிப் போகவில்லை, காதை மூடிக்கொள்ளவும் இல்லை. குறிப்பாகச் சுட்டிக்காட்டப்பட்டதைத் திருத்தினார்கள். பொதுவாகத் திட்டியதை ஆறவிட்டார்கள்.

ஒரே இரவில் மாற்றியும் பிழைத்தவர்கள் உண்டு. பிரிட்டன் அரசின் கவ்.யூகே 2012 அக்டோபர் 17 அன்று டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய தளங்களை அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. கறுப்பு, வெள்ளை, பெரிய எழுத்து. படமே இல்லை என்று சொல்லலாம். அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருது கிடைத்தது, ஒரு அரசாங்க வெப்சைட்டுக்கு! இங்கே ஏன் எடுபட்டது? வாகன வரி கட்டவோ பாஸ்போர்ட் புதுப்பிக்கவோ ஒருவர் ஆண்டுக்கு எத்தனை முறை வரப்போகிறார்? பழைய முகப்பு அவர் கைக்குப் பழகியிருக்கவே இல்லை. பெரும்பாலானவர்கள் தேடுபொறி வழியாக நேரே உள்பக்கத்துக்கு வந்து இறங்குகிறவர்கள். அதனால் வேலையின் பெரும்பகுதி உள்பக்கங்களில் நடந்தது. ஒவ்வொரு விஷயத்தையும் எளிய ஆங்கிலத்தில் திருப்பி எழுதினார்கள். அந்தக் குழுவின் வடிவமைப்புக் கொள்கைகளில் ஒன்று, எளிமையாக்கும் கஷ்டமான வேலையை நீங்கள் செய்யுங்கள் என்கிறது. முகப்பைத் துடைத்துவிட்டு உள்ளே பழைய குப்பையை அப்படியே விடுகிறவர்கள் இந்த உதாரணத்தைக் காட்டக் கூடாது.

தினமும் வருகிற வாசகர்களை வைத்துக்கொண்டு ஒரே இரவில் மாற்றியவர்களுக்கு நடந்தது வேறு. 2011 பிப்ரவரியில் காக்கர் என்ற அமெரிக்க வலைப்பதிவுக் குழுமத்தின் தளங்கள், புதியது மேலே பழையது கீழே என்று இருந்த வரிசையை எடுத்துவிட்டு ஒரே ஒரு பெரிய செய்தியையும் ஓரத்தில் ஒரு தலைப்புப் பட்டையையும் வைத்தன. பக்கம் முழுவதும் பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை நம்பி இருந்ததால், அது பழுதானபோது வாசகருக்கு வெற்றுப் பக்கம்தான் தெரிந்தது. பழைய வரிசை வேற்று நாட்டுப் பதிப்புகளின் முகவரிகளில் இன்னும் இருக்கிறது என்று கண்டுபிடித்த வாசகர்கள் அந்தப் பக்கவாட்டு வாசல் வழியாக நுழைந்துகொண்டார்கள். கதவை நீங்கள் திறந்து வைக்காவிட்டால் அவர்களே ஒன்றைத் தேடிக்கொள்வார்கள், அல்லது வேறு வீட்டுக்குப் போவார்கள். 2010 ஆகஸ்டில், பயனர்கள் லிங்க் பகிர்ந்து ஓட்டுப் போடும் டிக் தளம் நான்காம் பதிப்பை வெளியிட்டபோது இந்த இரண்டாவதுதான் நடந்தது. தோற்றம் மாறியதோடு நிற்காமல், பிடிக்காத பதிவை அமுக்கும் பொத்தான் உட்பட மக்கள் நம்பியிருந்த வசதிகளையே எடுத்துவிட்டார்கள். பயனர்கள் டிக்கின் முகப்பையே ரெடிட் லிங்க்குகளால் நிரப்பி எதிர்ப்புக் காட்டினார்கள். பலர் ரெடிட்டுக்கே போய்விட்டார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் போன்ற நிறுவனங்கள் ஒரு பகுதிப் பயனர்களிடம் மட்டும் காட்டி, அளந்து பார்த்து மாற்றும். அளக்கும் அளவுக்குக் கூட்டம் வேண்டும், ஆள் வேண்டும். சின்னத் தளத்தில் இதை ஆரம்பித்தால் இரண்டு வருடம் கழித்துப் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்கும்.

சரி, நம் ஊர்த் தளங்களுக்கு வருவோம். தமிழ்த் தளத்தில் வழிகளைக் குறைப்பது ஆங்கிலத் தளத்தைவிட ஆபத்தானது என்று நினைக்கிறேன், அதற்குத் திட்டமான காரணம் உண்டு. காலியான முகப்பு வந்தவரைத் தேடல் பெட்டியை நோக்கித் தள்ளுகிறது. போனில் தமிழ் தட்டச்சு வராதவர்கள் நம் வாசகர்களில் இன்றும் நிறையப் பேர். தட்டத் தெரிந்தாலும், வேர்ட்பிரஸ் போன்ற தளம் அமைக்கும் மென்பொருள்களில் கூடவே வரும் தேடல், எழுத்து வரிசை அப்படியே பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். 'மதுரை' என்று தேடினால் 'மதுரையில்' கிடைக்கும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' கிடைக்காது, 'மரம்' என்று தேடினால் 'மரங்கள்' கிடைக்காது. கட்டுரை தளத்திலேயே இருக்கும், வாசகர் இல்லை என்று நினைத்துப் போய்விடுவார். பட்டியலாகப் போட்டிருந்தால் கண்ணால் கண்டுபிடித்திருப்பார். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் நூல் பட்டியலைப் பாருங்கள். 1998லிருந்து சேர்ந்த மின்னூல்கள் வரிசை எண்ணோடு வெறும் பட்டியலாக நிற்கின்றன. யாரும் அதற்கு டிசைன் விருது கொடுக்கப் போவதில்லை. ஆனால் போய்த் தேடினால் கிடைக்கும்.

இன்னொன்று, டிசைனர் காட்டும் மாதிரிப் படம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். நான்கெழுத்து ஆங்கிலச் சொல் உட்கார்ந்த பொத்தானில் 'தொடர்புகொள்ள' உட்காராது. உடைந்து இரண்டு வரியாகும். வரி இடைவெளியை இறுக்கினால் மேலே 'ீ' சுழியும் கீழே 'ூ' வளைவும் வெட்டுப்படும். அதைச் சமாளிக்கத்தான் பல இடங்களில் சொல்லை எடுத்துவிட்டுப் படக்குறியை வைக்கிறார்கள், மூன்று கோட்டைப் போல. மறைத்துவைத்த மெனுவை மக்கள் குறைவாகத்தான் தொடுகிறார்கள், கணினித் திரையில் இன்னும் குறைவு என்று, தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2016ல் வெளியிட்ட ஆய்வே சொல்கிறது. ஒப்புதல் கொடுப்பதற்கு முன் உங்கள் உண்மையான தமிழ்த் தலைப்புகளைப் போட்டுப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதி மினிமலிசம் அங்கேயே கலைந்துவிடும்.

எனவே நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? இதழ், நூலகம், சங்கம் போல ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வரும் தளம் என்றால் கிரெய்க்ஸ்லிஸ்ட் வழி: ஸ்லைடர் (தானாக மாறும் படங்கள்), பாப்அப் (மேலே எழும் பெட்டி), பின்னணிப் படம் எல்லாவற்றையும் தயங்காமல் தூக்குங்கள், லிங்க்குகளைச் சொற்களாகவே, கண்ணில் படும்படி வையுங்கள். இருபது லிங்க் அதிகமாகத் தெரிந்தால் தலைப்புப் போட்டுக் கூட்டமாகப் பிரியுங்கள். மறைக்காதீர்கள். பழைய முகப்பை ஒரு தனி முகவரியில் விட்டு, புதிய பக்கத்தின் மேலேயே அதற்கு ஒரு லிங்க் கொடுங்கள். ரெடிட்டைப் போல வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியதில்லை; மூன்று மாதம் போதும், முடியும் தேதியை முதல் நாளே எழுதிவிடுங்கள். திருமண மண்டபம், பயிற்சி மையம், மருத்துவமனை போல ஒருமுறை வந்து போகிறவர்களின் தளம் என்றால் ஒரே இரவில் மாற்றலாம், முகப்பும் காலியாக இருக்கலாம். விலாசம், போன் எண், நேரம் மூன்றும் க்ளிக் இல்லாமல் தெரிந்தால் சரி.

அப்புறம், வந்த மெயில்களை இரண்டு கட்டாகப் பிரியுங்கள். பிடிக்கவில்லை என்பவை ஒரு கட்டு, கிடைக்கவில்லை என்பவை இன்னொரு கட்டு. முதல் கட்டுக்கு மரியாதையாகப் பதில் எழுதிவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள். இரண்டாவது கட்டில் ஒரே லிங்க்கை மூன்று பேர் கேட்டிருந்தால் அன்றைக்கே அதை முகப்பில் ஏற்றுங்கள். டிசைனர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. எண்களை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மாற்றத்துக்குப் பிறகு ஒருவர் தளத்தில் செலவிடும் நேரம் கூடினால் ரசிக்கிறார் என்றும் இருக்கலாம், வழி தெரியாமல் அலைகிறார் என்றும் இருக்கலாம். அது எது என்று தெரிய, இதுவரை தளத்தைப் பார்க்காத ஒரு பெரியவரிடம் போனைக் கொடுத்து, போன மாத இதழை எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

மாற்றும் நாளையும் பார்த்து வையுங்கள். தேர்வு முடிவு, சந்தாக் கடைசித் தேதி, ஆண்டு விழா அறிவிப்பு என்று கூட்டம் வரும் வாரத்தில் வேண்டாம். உள்பக்கங்களின் பழைய முகவரிகள் புதியவற்றுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதை வெளியிடுவதற்கு முந்தைய நாளே சோதித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் உங்கள் பழைய லிங்க்குகளுக்கு முகப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையே இல்லை.